பக்கவாதத்திலிருந்து தேறிவரும் நீரிழிவு நோயாளியும் இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தாழ்வும்

மனித மூளையின் எடை உடலெடையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே பெறுகின்றது. வளர்ந்தவரின் மூளை நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. தசைக்கும் கல்லீரலுக்கும் உள்ளது போன்ற சேமிப்பு அதற்கு இல்லை. இரத்தம் கொண்டுவருவதை அவ்வப்போது பெற்றே அது பிழைக்கின்றது. எனவே, பக்கவாதத்தால் ஒரு பகுதி நலிந்துபோன மூளைக்குச் சர்க்கரை மிகுந்தாலும் தீங்கு, குறைந்தாலும் தீங்கு. இவ்விரண்டில் குறைவினால் வரும் தீங்கையே நம் இல்லங்களில் பலரும் அறியாதிருக்கின்றனர். இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

மூளைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1849ஆம் ஆண்டில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட், முயலொன்றின் மூளையடிப் பகுதியை ஊசியால் குத்தியபோது, சிறிது நேரத்தில் அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றக் கண்டார். மூளைக்கு ஊறு நேர்ந்தால் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் பெருகுகின்றன. கல்லீரல் தன் சேமிப்பை இரத்தத்தில் கொட்டுகின்றது. பக்கவாதம் கண்ட முதல் நாளில் நீரிழிவு இல்லாதவருக்கும் சர்க்கரை உயர்ந்து காணப்படுவது இதனாலேயே. நீரிழிவு உள்ளவருக்கோ அவ்வுயர்வு இருமடங்கு தொல்லையாகின்றது.

உயர்ந்த சர்க்கரையை விரைந்து, கடுமையாகக் குறைத்தால் நோயாளி நன்கு தேறுவார் என்று பல்லாண்டுகள் நம்பப்பட்டது. அமெரிக்காவில் 1,151 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2019இல் முடிவு வெளியான ‘ஷைன்’ என்னும் ஆய்வு அந்நம்பிக்கையைச் சோதித்தது. ஒரு சாராருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 80 முதல் 130 மில்லிகிராமுக்குள் இருக்குமாறு நரம்பு வழியே இன்சுலின் செலுத்தினர். மற்றவருக்கு 180க்குள் இருந்தால் போதும் என விட்டனர். மூன்று மாதங்களுக்குப் பின் நன்கு தேறியவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 20.5, இரண்டாம் பிரிவில் 21.6. அதாவது, கடுமையால் பயனில்லை. ஆனால் சர்க்கரை 40க்கும் கீழே விழுந்த ஆபத்து முதற்பிரிவில் நூற்றுக்கு 2.6 பேருக்கு நேர்ந்தது; மற்றப் பிரிவில் ஒருவருக்கும் நேரவில்லை. இன்று மருத்துவமனைகளில் பெரும்பாலும் 140 முதல் 180 வரை வைத்துக்கொள்வதே முறையாக உள்ளது.

இதனால் சர்க்கரையைக் கவனியாது விடலாம் என்று கொள்ளலாகாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் செவிலியர் ஒழுங்காகக் கவனித்த பிரிவுகளில், மூன்று மாதத்தில் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் சேர்ந்து நூற்றுக்கு 42. ஏனைய பிரிவுகளில் 58. புது மருந்து எதுவும் அங்கே பயன்படவில்லை. மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததே வேறுபாடு. நம் களப்பணியாளர் கருத்தில் இருத்த வேண்டிய ஆய்வு இதுவே என்பது என் எண்ணம்.

இனி, நோயாளி வீடு திரும்பிய பின் நிகழ்வதைக் காண்போம். புணே நகரின் வடமேற்கில், மூளா ஆற்றின் கரையில் உள்ளது போபோடி. ஆற்றின் மறுகரை தாபோடி, தெற்கே கட்கி. 1869இல் கட்கியில் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையிலும், பாசறைப் பகுதியிலும் வேலை நாடி வந்தோர் பலர் இப்பகுதியிலேயே தங்கினர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அத்தகைய ஒரு வீட்டில், அறுபத்தைந்து வயதான, ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். மெலிந்த உடலினர். ‘இவ்வளவு ஒல்லியானவருக்குச் சர்க்கரை நோயா?’ என்று வீட்டார் வியந்திருக்கக் கூடும். வியப்பிற்கு இடமில்லை. புணேயின் கே.ஈ.எம். மருத்துவமனையில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1993 முதல் சுற்றுக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், இங்குப் பிறக்கும் குழந்தைகள் சராசரி 2.7 கிலோகிராம் எடையே உள்ளன என்றும், இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோகிராம் என்றும், எடை குறைந்தபோதிலும் நம் குழந்தைகளின் உடற்கொழுப்பு அந்த அளவிற்குக் குறையவில்லை என்றும் கண்டனர். மெலிந்த தோற்றத்துள் கொழுப்பு மறைந்திருத்தல் நம் மக்களின் இயல்பாக உள்ளது.

நம் முதியவருக்கு வலப்புறம் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. மருத்துவமனையில் சர்க்கரை உயர்ந்திருந்தமையால் இன்சுலினும் மாத்திரையும் மிகுந்த அளவில் தரப்பட்டன. அதே அளவு சீட்டில் எழுதப்பட்டு அவருடன் வீட்டிற்கு வந்தது. இரண்டு மூன்று வாரங்களில் நிலைமை மாறுகின்றது. ஊறு தணியத் தணிய, சர்க்கரையை உயர்த்திய சுரப்புகள் அடங்குகின்றன. உடற்பயிற்சியாளர் கை, கால்களை அசைக்கச் செய்வதால் தசைகள் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்கின்றன. சோர்வினாலோ மனத்தளர்ச்சியாலோ உணவு பாதியாகின்றது. மருந்தின் அளவு மட்டும் மாறவில்லை. முன்பு போதாதிருந்த மருந்து இப்போது மிகையாகிவிடுகிறது.

சர்க்கரை 70க்குக் கீழ் இறங்குவதைத் தாழ்சர்க்கரை எனலாம். 54க்குக் கீழ் இறங்குவது பேராபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, மனக் குழப்பம் என்பன அதன் குறிகள். நலமுள்ளவர் உடனே வாய்விட்டுச் சொல்வார். பேச்சிழந்தவர் எவ்வாறு சொல்வார்? இரு மொழி அறிந்தவர்க்கு ஒரு மொழி முன்னும் மற்றொன்று பின்னுமாகத் திரும்புவதுண்டு. மராத்தி மட்டும் அறிந்த செவிலியரிடம் அவர் தமிழில் முணுமுணுத்தால் அது பிதற்றலாகவே தோன்றும். இரத்த அழுத்தத்திற்காகப் பீட்டா தடுப்பு மருந்து உண்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும். வியர்வை மட்டும் எஞ்சும். காரணமின்றி நெற்றி வியர்த்தால் உடனே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். இதை வீட்டிலுள்ள பள்ளிச் சிறுவர்க்கும் ஆசிரியர் கற்பித்தல் நலம். பகலில் தாத்தாவின் அருகில் இருப்பவர் பெரும்பாலும் அவர்களே.

இங்கே ஒரு பெரும் மயக்கம் உண்டு. தாழ்சர்க்கரையால் ஒரு பக்கம் சோர்ந்து வாய் கோணுதலும் நேரும். ‘மறுபடியும் வாதம் வந்துவிட்டது’ என்று வீட்டார் கலங்குவர். மாறாக, உண்மையிலேயே இரண்டாம் பக்கவாதம் தாக்கியபோது, ‘சர்க்கரை இறங்கியிருக்கும்’ என்று சர்க்கரை நீர் கொடுத்துக் காத்திருந்து பொன்னான நேரத்தை இழப்போரும் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் குளுக்கோமீட்டர் உதவும். அதற்கு ஒரு நிமிடம் போதும். அளவு சரியாக இருந்தும் குறி நீங்காவிடில் அக்கணமே 108ஐ அழைக்க வேண்டும். கருவி இல்லையேல் காத்திராது அழைப்பதே முறை.

சர்க்கரை தாழ்ந்திருந்து, நோயாளி நன்கு விழித்திருந்து, விழுங்கவும் வல்லவராயின், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, ஏறாவிடில் மறுமுறையும் கொடுக்க வேண்டும். தட்டையாக மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ இவ்வளவே. அகார்போஸ், வோக்லிபோஸ் என்னும் மாத்திரை உண்பவருக்கு வீட்டுச் சர்க்கரை விரைந்து பயன் தராது. அம்மாத்திரைகள் அதன் செரிமானத்தைத் தடுக்கின்றன. அவர்க்குக் குளுக்கோஸ் தூளே வேண்டும். விழுங்க இயலாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. புரையேறி நுரையீரலில் புகுந்தால், சர்க்கரையைக் காக்கப் போய் உயிரை இழக்க நேரும். மூக்குக் குழாய் வழியே உண்பவருக்கு, பழக்கம் பெற்றவர் அக்குழாய் வழியே குளுக்கோஸ் நீரைச் செலுத்தலாம். ஏனையோர்க்கு மருத்துவமனையே வழி. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையால் வந்த தாழ்வு ஒருமுறை சீராகியும் பல மணி நேரத்திற்குத் திரும்பத் திரும்ப வரக் கூடியது. சிறுநீரகம் நலிந்த முதியவர்க்கு இது மிகுதி. அன்றிரவு ஒருவர் விழித்திருத்தல் வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் ஏகாதசி, சதுர்த்தி நோன்புகள் பரவலானவை. அங்கு வாழும் தமிழரும் பலர் இவற்றைப் பின்பற்றுகின்றனர். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு நண்பகல் வரை உண்ணாதிருந்தால் சர்க்கரை வீழ்கின்றது. பிறகு நோன்புணவாகிய சவ்வரிசிக் கிச்சடியும் உருளைக்கிழங்கும் உண்டால் அதுவே செங்குத்தாக ஏறுகின்றது. ஒரே நாளில் இரு கோடிகளையும் தொட்டுவிடும். நோன்பை நிறுத்துமாறு வற்புறுத்துவதினும், முன்னதாக மருத்துவரிடம் சென்று அந்நாளைய மருந்தளவை மாற்றிப் பெறச் செய்வதே ஊழியர்க்கு எளிது. பெரியோர்களும் அதற்கு இணங்குவர்.

இன்சுலின் ஊசியில் ஒரு கண்ணி உள்ளது. நம் நாட்டில் புட்டியில் கிடைக்கும் இன்சுலின் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டதாகவும், 100 அலகு கொண்டதாகவும் உண்டு. 40 அலகு ஊசிக்குழலின் மூடி சிவப்பு. 100 அலகிற்குரியது செம்மஞ்சள். செறிந்த 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் ‘10’ வரை இழுத்தால் உடலுட் செல்வது 25 அலகு. மாறாக இழுத்தால் நான்கே அலகு. வீட்டிற்குச் செல்லும் ஊழியர் முதலில் புட்டியையும் குழலையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக.

உயர்வு இல்லாமலும் இல்லை. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, படுக்கைப் புண் ஆகியவை வந்தால் சர்க்கரை ஏறும். 300க்கு மேல் பலமுறை காணப்பட்டு, தாகம், வாந்தி, மயக்கம் இருப்பின் மருத்துவமனைக்கு அனுப்புக. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை பயனுள்ளதாயினும், 50இலும் 300இலும் ஊசலாடுவதையும் அது அமைதியான சராசரியாகவே காட்டிவிடக் கூடும். முதியோர்க்கு அது 8 விழுக்காட்டுக்குள் இருப்பின் பல மருத்துவர்கள் நிறைவடைகின்றனர்.

ஆகவே வீட்டில் ஒரு குறிப்பேடு தேவை. கையைக் கழுவித் துடைத்த பின், வீங்காத, நலமுள்ள கையின் விரலில் குத்துக. பழம் உரித்த விரல் பொய்யான உயர்வைக் காட்டும். அளவினருகே நேரம், அதற்கு முன் உண்டது எவ்வளவு, பயிற்சி நடந்ததா, வியர்வை கண்டதா என்பவற்றை எழுதுக. விடியற்காலை மூன்று மணி அளவு வாரம் ஒருமுறையேனும் இருத்தல் நலம். நான்கு வாரக் குறிப்பைக் காணும் மருத்துவர், மாலை ஊசியைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்பதை அதைக் கொண்டே முடிவு செய்வார்.