கடற்கரைக் கொல்லைகளில் மஞ்சள் பீன்ஸ்

வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிட விரும்புவோர்க்கு மஞ்சள் காய் தரும் குத்துப் பீன்ஸ் ஆசையூட்டும் பயிராகும். இதற்குப் பந்தல் வேண்டுவதில்லை. செடி ஏறக்குறைய ஒரு முழ உயரமே வளரும். விதைத்த 50 முதல் 55 நாட்களில் முதற் காய் கைக்கு வரும். ஆயினும் இராமநாதபுரம் முதல் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் வரையுள்ள கடற்கரைக் கிராமங்களில் இப்பயிர் பலிப்பதும் பலியாததும் விதையினால் மட்டும் ஆவதன்று. கிணற்று ஜலமே அதனைத் தீர்மானிக்கின்றது. ஆகவே விதைக்குப் பணம் செலவிடுமுன் கிணற்றைப் பரீட்சிப்பதே இப்பாடத்தின் முதற் படியாகும்.

பயிரின் இயல்பு

பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. ஐரோப்பியர் வழியாகப் பிற தேசங்களுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப் பிரதேசங்களில் இது மிகுதியாகப் பயிராகின்றது. மஞ்சள் காய் வேறொரு பயிரன்று. பச்சைக் காய்க்கு நிறம் தரும் பொருள் இதன் காயில் மிகக் குறைவு, அவ்வளவே வேற்றுமை. இலைகளின் நடுவே காய் பளிச்சென்று தெரிவதால், பறிக்கும்போது கண்ணுக்குத் தப்பி முற்றிப் போவன குறையும்.

இப்பயிருக்கு இரு பகைகள் உண்டு. ஒன்று வெப்பம், பூக்கும் காலத்தில் வெயில் மிகுந்தால் பூக்கள் பிஞ்சாகாமல் உதிரும். மற்றொன்று உவர். கடற்கரையில் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன.

உவரைத் தாங்கும் அளவு

மண்ணின் உவரை அதன் மின்கடத்துத் திறனால் அளந்து, மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று பரிசோதனை நிலையங்களில் குறிப்பர். பீன்ஸ் செடி 1 டெசிசீமன்ஸ் வரையில்தான் குறைவின்றி விளையும். அதற்குமேல் ஒவ்வோர் அலகு ஏறும்போதும் மகசூலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், 3.6 அளவில் பாதி மகசூல் போய்விடும். தட்டைப்பயறு 4.9 வரையில் தாங்கும். சீனியவரை எனப்படும் கொத்தவரை 8.8 வரையில் தாங்கவல்லது. ஒரே கொல்லையில் ஒரு பயிர் கருக, மற்றொன்று காய்ப்பதன் காரணம் இதுவே.

கிணறு உவராகும் விதம்

கடலோர மணலில் பெய்யும் மழை, மணலுக்கடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்நீரினும் இலேசானது. கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் ஓர் அடி நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் அதற்கேற்ப ஏறிவரும். இயந்திரம் வைத்து ஒரே மூச்சில் இறைக்கப்பட்ட கிணறு உவராவதும், குடத்தால் சிறிது சிறிதாக மொள்ளப்படும் ஊற்று நெடுநாள் இனிப்பதும் இதனாலேயாம். ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்காக மிகுதியாக இறைத்தால், அண்டை வீட்டின் குடிநீரும் கெடக்கூடும். இது தனி ஒருவரின் காரியமன்று. தெருவாரின் பொதுக் காரியம்.

இருபது விதைப் பரீட்சை

புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன், கிணற்றில் உவர் மிகுந்திருக்கும். அப்போது ஒரு பெரிய பானை நிறைய நீர் எடுத்து மூடி வைத்துக்கொள்ள வேண்டும். அடியில் துவாரமுள்ள இரண்டு சட்டிகளில் கொல்லை மண்ணையே நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்து விதை ஊன்றுக. ஒன்றுக்கு மழைநீர் அல்லது நல்ல குடிநீர், மற்றொன்றுக்கு அக்கிணற்று நீர் என மூன்று வாரம் ஊற்றி வருக. முளைப்பதைக் கண்டதும் திருப்தியடையலாகாது. முளைத்த பின்னும் உவர் செடியைக் கெடுக்கும்.

இரண்டும் ஒத்து வளர்ந்தால் பீன்ஸ் பயிரிடலாம். கிணற்று நீர்ச் சட்டியில் மட்டும் இலையோரம் கருகினால் நீர் குற்றமுடையது. இரண்டிலும் கருகினால் மண்ணும் உவருடையது என ஐயுற்று, மண்ணை அரசாங்க மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவது நலம். பரீட்சையில் தவறிய கொல்லைக்குத் தட்டைப்பயறோ கொத்தவரையோ ஏற்றது. அது தோல்வியன்று, விதைப் பணமும் இரண்டு மாதத் தண்ணீரும் மிஞ்சியதே இலாபம்.

பாத்தியும் விதைப்பும்

இப்பிரதேசத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. அம்மழை மணலிலுள்ள உப்பைக் கரைத்துக் கீழே இறக்கும். கிணறும் அப்போதே இனிக்கும். ஆகையால் கார்த்திகைக் கடைசி முதல் மார்கழி நடு வரை விதைப்பதே தக்கது. தையில் பூத்து, மாசியில் காய்த்து, பங்குனி வெயிலுக்குமுன் பயிர் முடிந்துவிடும். தையிலும் கடற்கரை இரவுகள் மலைநாடு போலக் குளிர்வதில்லை. ஆதலால் மலைநாட்டு மகசூலை எதிர்பார்க்கலாகாது.

பத்தடி நீளமும் நாலடி அகலமும் உள்ள மேட்டுப் பாத்தி ஒரு குடும்பம் தொடங்கப் போதுமானது. மட்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலந்து, ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாக மூன்று வரிசை பிடித்து, அரை அடிக்கு ஒரு குழியில் இரண்டு விதையை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். விதையை இரவு முழுதும் ஊற வைத்தல் கூடாது, வெடித்து அழுகிவிடும். முளைத்த பின் குழிக்கு ஒரு செடி நிறுத்தினால் 60 செடிகள் ஆகும். கடற்காற்று அடிக்கும் பக்கத்தில் பனையோலைத் தட்டி கட்டுவதும், செடியடியில் காய்ந்த சருகு பரப்புவதும் அவசியம்.

இப்பாத்திக்கு நாளொன்றுக்கு ஒரு குடம் நீரும், பூக்கும்போது ஒன்றரைக் குடமும் வேண்டும். மணற்பாங்கில் காலை, மாலை பகுத்து, இலையில் படாமல் வேரில் ஊற்றுக. அரிசி கழுவிய நீர் உதவும். சோப்பு நீரும் உப்பிட்ட நீரும் உதவா. அசுவினி கண்டால், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பறிக்கும் முறை

காய் நன்கு மஞ்சளாகி, எழுதுகோல் பருமனில், உள்விதை புடைக்குமுன் பறித்தல் வேண்டும். ஒடித்தால் ஓசையுடன் முறிவதே பதம். இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை தவறாது பறிக்க வேண்டும். காய் முற்ற விட்டால் செடி புதிதாய்ப் பூப்பதை நிறுத்தும். பனி உலர்ந்த பின்னரே செடியைத் தொட வேண்டும். ஈரத்தில் தொட்டால் நோய் செடிக்குச் செடி பரவும். ஒரு கையால் தண்டைப் பிடித்து மறு கையால் காயைக் கிள்ளுக. பீன்ஸைப் பச்சையாக உண்ணலாகாது. முற்றிய விதையை நன்கு கொதிக்க வைத்தே சமைத்தல் வேண்டும்.

விதைக்கென ஐந்து நல்ல செடிகளைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, காய் காயும் வரை விட்டு, விதையை உலர்த்திக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும்.

சங்கம் செய்யத் தக்கது

கூட்டுறவுச் சங்கத்தின் பலம் இங்கே பயன்படும். தெருவுக்கு ஓர் அங்கத்தினர் வீதம் இப்பரீட்சையைச் செய்து, முடிவைக் கூட்டத்தில் கூறிப் புத்தகத்தில் பதிந்தால், கிராமத்தின் இனிப்புக் கிணறு எது, உவர்க் கிணறு எது என்பது எல்லோர்க்கும் தெளிவாகும். அதன்படி மூன்று பயிர்களின் விதையையும் சங்கமே மொத்தமாக வாங்கிப் பகிரலாம். ஆண்டுதோறும் இப்பதிவைத் தொடர்ந்தால், எந்தக் கிணறு உவர் ஏறி வருகின்றது என்பதும் முன்கூட்டியே விளங்கும். அதனால் தோட்டம் மட்டுமன்றித் தெருவின் குடிநீரும் காக்கப்படும்.