கிராங்க் அறையில் மிகை அழுத்தம்: காரணம் காணும் முறை

பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினில் எண்ணெய் கசிந்தால், கசியும் இடத்தில் புதிய அடைப்புத் தகட்டை வைப்பது வழக்கம். சில நாட்களில் வேறோர் இடத்தில் எண்ணெய் கசியத் தொடங்குமாயின், குற்றம் தகட்டினுடையதன்று. எஞ்சினின் அடியில் உள்ள கிராங்க் அறையில் அழுத்தம் மிகுந்துள்ளது என ஐயுறல் வேண்டும். எண்ணெய் அளவுக் கம்பி தானே மேலெழுதல், எண்ணெய் ஊற்றும் வாயில் புகை வீசுதல், காற்று வடிகட்டியில் எண்ணெய் படிதல் ஆகியனவும் இதன் அறிகுறிகளே.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இவ்வாராய்ச்சிக்குத் தனிப் பயன் உண்டு. சென்னையும் கொல்கத்தாவும் இங்கிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ளன. அங்கிருந்து கப்பலில் வரவேண்டிய உதிரி உறுப்புக்காக, பிரித்த எஞ்சின் வாரக்கணக்கில் காத்துக் கிடக்க நேரலாம். ஆதலால், பிரிக்குமுன் காரணத்தை உறுதி செய்தல் பணமும் காலமும் மீதப்படுத்தும்.

அழுத்தம் எவ்வாறு உண்டாகிறது?

எரிபொருள் எரியும்போது சிலிண்டரில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பன்மடங்கு அழுத்தம் தோன்றுகிறது. பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு செவ்வையாகப் பொருந்தினும், சிறிதளவு வாயு அவற்றைக் கடந்து கீழே இறங்கியே தீரும். இவ்வாயு வெளியேறுவதற்கே மூச்சுக்குழாய் வைக்கப்பட்டுள்ளது. பழைய எஞ்சின்களில் அது திறந்த வெளியில் முடியும். 1960களுக்குப் பின் வந்த பலவற்றில், ஒரு தடுக்கிதழ் வழியாக எரிபொருட் கலவை செல்லும் உள்ளிழுப்புக் குழாயுடன் இணையும்.

நீர்த்தொட்டியை நினைத்துப் பாருங்கள். வரும் நீர் மிகுந்தாலும் நீர்மட்டம் உயரும். போகும் வழி அடைபட்டாலும் உயரும். அவ்வாறே, இங்கும் காரணங்கள் இரண்டு: வளையங்களைக் கடக்கும் வாயு மிகுதல்; மூச்சுக்குழாய் அடைபடுதல். முன்னதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும். பின்னதற்குச் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு தூரிகையும் போதும்.

தீவுகளில் அடைப்பு நேரும் வகை

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. இதில் ஒரு பகுதி கிராங்க் அறையை அடையும். எஞ்சின் நன்கு சூடேறினால் அது வெளியேறிவிடும். சூடேறாவிடில் குளிர்ந்து, எண்ணெயுடன் கலந்து, பால் கலந்த தேநீர் நிறத்தில் கூழாகிவிடும். தீவுகளில் பயணத் தொலைவு குறைவு. ஹேவ்லாக் தீவில் (2018 முதல் சுவராஜ் தீவு) கப்பல்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டரே. துறைக்கும் அங்காடிக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு அதுவும் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஈரக்காற்றும் இதற்குத் துணை செய்கிறது. இக்கூழே மூச்சுக்குழாயை அடைக்கிறது.

குளிர்நீர் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அப்போது கூழுக்குக் காரணம் ஆவியன்று. சிலிண்டர்த் தலையின் அடைப்புத் தகடு பழுதுற்று நீர் உட்புகுவதாக இருக்கலாம்.

சோதனை முறை

முதற்படி: மூச்சுக்குழாய், அதன் கம்பிவலை, எண்ணெய் வாயின் மூடி ஆகியவற்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துக. தடுக்கிதழ் இருப்பின் குலுக்கிப் பார்க்க; ஒலி எழாவிடில் அது ஒட்டிக்கொண்டுள்ளது எனக் கொள்ளலாம்.

இரண்டாம்படி: கொத்தர் மட்டம் பார்க்கும் ஒளிபுகு குழாயை, ஒவ்வொரு கையும் ஒரு மீட்டர் உயரமிருக்க, 'ப' எழுத்தின் வடிவில் பலகையில் கட்டிப் பாதியளவு நீர் நிரப்புக. ஒரு முனையை அளவுக் கம்பியின் துளையில் காற்றுப் புகாமல் பொருத்துக, மறுமுனை திறந்திருக்கட்டும். எஞ்சினைச் சூடாக்கி, முதலில் மெதுவாகவும் பின் சற்று விரைவாகவும் ஓட்டி, இரு நீர்மட்டங்களின் வேறுபாட்டைக் குறிக்க. நல்ல எஞ்சினில் அது சுழியத்தை ஒட்டியே இருக்கும். தடுக்கிதழ் உள்ளதில் உறிஞ்சலே காணப்படும். வழியைத் தூய்மை செய்த பின்னும் நீர் உயர்ந்து நின்றால், வாயுவின் வரவே மிகுதி.

மூன்றாம்படி: எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றுக. எரிபொருளையும் தீப்பொறி மின்னிணைப்பையும் துண்டித்து, கார்புரேட்டரின் இதழை முழுதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்க அழுத்தத்தையும் கருவியால் அளக்க. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. அழுத்தம் நன்கு உயர்ந்தால் வளையமோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்துள்ளது. உயராவிடில் வால்வு அல்லது தலைத்தகடு ஐயத்திற்குரியது. உடைந்த பிஸ்டனும் எண்ணெய்க்கு இணங்காது.

நான்காம்படி: ஐயம் தீர, அச்சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடியிருக்கப் பிஸ்டனை உச்சியில் நிறுத்துக. பிஸ்டன் நகராதவாறு உயர் கியரில் இட்டு, கைத்தடையை இறுக்கி, சக்கரங்களுக்கு முட்டு வைத்துக் காற்றைச் செலுத்துக. எண்ணெய் வாயில் சீறல் கேட்டால் வளையம் அல்லது பிஸ்டன். புகைபோக்கியில் அல்லது கார்புரேட்டரில் கேட்டால் வால்வு. ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் தலைத்தகடு.

வால்வில் மட்டும் கசியும் வாயு பெரும்பாலும் குழாய்களுக்கே போகும். கிராங்க் அறைக்கு வாராது. ஆகவே அமுக்கம் குறைந்ததை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் கூடாது. நான்கு படிகளையும் ஒருங்கே நோக்குக.

ஆசிரியர்களுக்கு

ஒரு சென்டிமீட்டர் நீர்த்தம்பம் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கிராம் எடையளவு அழுத்துகிறது. எஞ்சின் மேல்மூடியின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோம். பத்து சென்டிமீட்டர் நீரழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கேயாம். எனினும் மூடியை 4 கிலோகிராம் விசையுடன் தள்ளும். தகடுகள் ஏன் ஒழுகுகின்றன என்பதை மாணவர் இக்கணக்கினால் எளிதில் உணர்வர்.

களப்பணியாளர், சோதனையின் நாளையும் நீர்மட்ட வேறுபாட்டையும் வண்டியின் பதிவேட்டில் எழுதி வருதல் நலம். ஆறு திங்கள் கழித்து அதே குழாயால் மீண்டும் அளந்து ஒப்பிட்டால், தேய்வு வளர்கிறதா என்பது தெரியும். உதிரி உறுப்புகளை உரிய காலத்தில் கேட்டு எழுதவும் இயலும்.