சாரோங்கைக் கலைத்தால் என்னென்ன சொற்கள்?

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஸ்கிராபிள் விளையாட்டில் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கையில் ஆறேழு எழுத்து வந்தால் அதையே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறாள். கைப்பேசிச் செயலியில் எழுத்துகளைத் தட்டினால் சொற்கள் வரிசையாக வந்து விழுகின்றன. மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. வீட்டில் நாங்கள் தமிழில்தான் பேசுகிறோம். அதுதான் குறையோ? கொடுத்த எழுத்துகளிலிருந்து ஆங்கிலச் சொற்களைத் தானே கண்டுபிடிக்க அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
— ஒரு தாய், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: சகோதரி, வீட்டில் தமிழ் பேசுவது குறையே அல்ல. இந்த விளையாட்டில் அது ஒரு கைமுதல்கூட. எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில், அவள் ஏன் திகைத்து உட்கார்ந்துவிடுகிறாள் என்று பார்ப்போம்.

வெவ்வேறான ஆறு எழுத்துகளை 720 விதமாக அடுக்கலாம்; ஏழு என்றால் 5,040. அத்தனையையும் மனத்துக்குள் புரட்டிப் பார்க்க யாராலும் முடியாது. செயலியும் அப்படிப் புரட்டுவதில்லை. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அது முன்கூட்டியே அகர வரிசையில் அடுக்கி வைத்திருக்கும். நீங்கள் தருகிற எழுத்துகளையும் அதே வரிசையில் அடுக்கி, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கும். வேலை அவ்வளவுதான். இதை உங்கள் மகளும் செய்யலாம்.

நம் ஊர்ச் சொல்லிலேயே தொடங்குங்கள். 'சாரோங்' ஆங்கில அகராதியில் இருக்கிறது. அதன் ஆறு எழுத்துகளை வரிசைப்படுத்தினால் ஏ, ஜி, என், ஓ, ஆர், எஸ். இதே ஆறில்தான் உடலுறுப்புகளைக் குறிக்கும் 'ஆர்கன்ஸ்' இருக்கிறது, முனகல்களைக் குறிக்கும் 'குரோன்ஸ்' இருக்கிறது. அவள் வெறித்துப் பார்க்கும்போது எழுத்துகள் வந்த வரிசையே கண்ணைக் கட்டிப்போடுகிறது. கட்டைகளைக் கையால் நகர்த்தி வரிசைப்படுத்திய கணமே அந்தக் கட்டு அவிழும்.

அடுத்து, எஸ் வந்தால் அதைத் தனியே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பன்மைக்கு அது கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும். விளையாட்டின் 100 கட்டைகளில் எஸ் நான்குதான் என்பதால் அதை வீணாக்கவும் கூடாது. மிச்சமுள்ள ஐந்தைப் பாருங்கள்: 'ஆர்கன்', 'குரோன்', வாயுவின் பெயரான 'ஆர்கான்'. இவற்றோடு 'ஓராங்' என்ற சொல்லும் உண்டு. மலாயில் மனிதரைக் குறிக்கும் அந்தச் சொல்லை, ஓராங் ஊத்தான் குரங்கின் சுருக்கப் பெயராக ஆங்கில அகராதி ஏற்றிருக்கிறது.

பிறகு எழுத்துகளை உயிர், மெய் என்று பிரிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிர்களை இடப்பக்கமும் மெய்களை வலப்பக்கமும் வைத்துவிட்டு, மெய்களில் எவை ஆங்கிலத்தில் ஜோடியாக நடக்கும் என்று அவளே தேடட்டும். ஜி-ஆர் சொல்லின் தொடக்கத்தில் வரும், என்-ஜி முடிவில் வரும். ஐ-என்-ஜி, ஈ-ஆர் போன்ற விகுதிகள் கிடைத்தால் அவற்றைக் கோத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். தேட வேண்டிய எழுத்துகள் பாதியாகக் குறைந்துவிடும்.

கொடுத்த எழுத்துகளை மட்டுமே கொண்டு சொல் அமைப்பது ஒரு வகை. அந்த எழுத்துகளும் உள்ளே இருக்க, வேறு எழுத்தும் சேரலாம் என்பது இன்னொரு வகை. பலகையில் ஏற்கெனவே கிடக்கும் எழுத்தோடு சேர்த்து ஆட இதுதான் வேண்டும். அதே ஏ, ஜி, என், ஓ, ஆரோடு ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஈ சேர்ந்தால் 'ஆரஞ்ச்', டி சேர்ந்தால் 'டிராகன்', ஜே சேர்ந்தால் 'ஜார்கன்'. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

இப்போது மொழிக் கவலைக்கு வருகிறேன். 2003-இல் கோலாலம்பூரில் நடந்த உலக ஸ்கிராபிள் போட்டியில் வென்ற பனுபோல் சுஜ்ஜயகோன் தாய்லாந்துக்காரர். ஆங்கிலம் அவருடைய தாய்மொழி அல்ல. மலேசியாவில் குடியிருக்கும் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கிலத்தில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். 2015-இல் பிரெஞ்சு மொழிப் பட்டத்தையும் வென்றார், பிரெஞ்சில் பேசவே தெரியாமல்! சொல்லின் வடிவத்தைக் கண்ணில் பதித்துக்கொண்ட உழைப்பு அது.

அப்படி வடிவத்தைப் பதிப்பதோடு உங்கள் மகளுக்குப் பொருளும் துணைநிற்கும். கறி, கட்டுமரம், சுருட்டு என்ற நம் சொற்களெல்லாம் உருமாறி ஆங்கில அகராதியில் குடியேறியவை. மாங்காய் மலாயையும் போர்த்துகீசியத்தையும் கடந்து 'மேங்கோ' ஆயிற்று. அந்த ஐந்து எழுத்தைக் கலைத்தால் 'இடையே' என்று பொருள்படும் 'அமாங்' கிடைக்கும். இதை ஒருமுறை தானே கண்டுபிடித்த பிள்ளை மறக்காது. செயலி தந்தது மறந்துபோனதற்குக் காரணம் இதுதான்: அதில் தேடலும் இல்லை, பொருளும் இல்லை.

ஆகவே செயலியைத் தூக்கி எறிய வேண்டாம், கடைசியில் திறக்கச் சொல்லுங்கள். தினமும் பசியாறிய பிறகு ஒரு சொல், பத்து நிமிடம். எழுத்துகளை வரிசைப்படுத்தி, பிரித்து, கிடைத்ததை நோட்டில் தமிழ்ப் பொருளோடு எழுதட்டும். அதன்பின் செயலியைப் பார்த்து, விட்டுப்போனவற்றில் இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும். அள்ளிச் சேர்த்தால் எதுவும் தங்காது.

அடுத்த முறை லெபோ பாசாருக்குச் சாமான் வாங்கப் போகும்போது அவளையும் அழைத்துச் செல்லுங்கள். அதன் பழைய பெயர் மார்க்கெட் ஸ்ட்ரீட். 'ஸ்ட்ரீட்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்தால் மூன்று சொற்கள் உண்டு. பக்கத்திலேயே லெபோ குவீனில் மகாமாரியம்மன் கோயில். 'டெம்பிள்' என்பதற்குள்ளும் ஒரு சொல் இருக்கிறது. ஜன்னல் திரையின் மேற்பகுதியை மறைக்கும் பலகையின் பெயர் அது. விடைகளை நான் இங்கே எழுதவில்லை. வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அவளே சொல்லிவிடுவாள்.