வன்தட்டைப் பிரித்தல்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர், செம்பனை நிலங்களைப் பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டிருப்பர். எண்ணைச் சொன்னாலே வேலை நடக்கும் இடம் விளங்கிவிடும். கணினியின் வன்தட்டையும் அவ்வாறே பிரிக்கலாம். 1983இல் வெளிவந்த ஐ.பி.எம். டாஸ் 2.0இல் இதற்கென ‘எஃப்டிஸ்க்’ எனும் கட்டளை இருந்தது.

விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘டிஸ்க்பார்ட்’ எனத் தட்டச்சு செய்ய வேண்டும். ‘லிஸ்ட் டிஸ்க்’ கட்டளை வன்தட்டுகளை எண்ணோடும் கொள்ளளவோடும் காட்டும். அவற்றுள் உரியதை ‘செலக்ட் டிஸ்க்’ கட்டளையுடன் அதன் எண்ணையும் இட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர், ‘கிளீன்’ பழைய பிரிவுகளை நீக்கும். ‘கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி’ புதிய பிரிவை உருவாக்கும். ‘ஃபார்மெட்’ அதில் கோப்பு முறைமையை அமைக்கும். ‘அசைன்’ அதற்கு ஓர் எழுத்தை வழங்கும்.

‘கிளீன்’ கட்டளை, “உறுதிதானா?” என்று கேட்பதில்லை. எண் ஒன்று தவறினால் வேறொரு வன்தட்டு வெறுமையாகிவிடும். மூடப்பட்ட தோட்டங்களின் லயத்து வீடுகள் இன்று பலருக்குப் படங்களாகவே எஞ்சியுள்ளன. அப்படங்கள் அழிந்தால், அவற்றை மீண்டும் எடுக்க அவ்வீடுகள் இல்லை. ஆகவே, முதலில் கோப்புகளை வேறொரு வன்தட்டில் நகலெடுத்து, அதனைக் கழற்றி வைக்க வேண்டும். எண்ணையும் கொள்ளளவையும் இருமுறை சரிபார்த்த பின்னரே கட்டளையிட வேண்டும்.