நாயின் மலம் எருவாகாது

நமுனுகுல மலைச்சாரலில் காய்கறித் தோட்டம் செய்வோர்க்குக் காட்டுப்பன்றியை விரட்ட நாய் நல்ல துணை. ஆனால், அதன் மலத்தை அகற்றுவதில் நாம் கவனஞ் செலுத்துவதில்லை. அண்மையில் ஒரு லயத்தின் முற்றத்தைப் பெருக்கியவர், நாயின் மலத்தை வல்லாரைப் பாத்தியில் தள்ளக் கண்டோம். “எல்லாம் எருத்தானே” என்றார். இது தவறான எண்ணமாகும்.

புல் தின்னும் மாட்டின் சாணம் நன்கு மக்கியபின் சிறந்த எரு. நாயின் மலத்திலோ மனிதரைத் தாக்கும் புழுக்களின் முட்டைகள் இருக்கக்கூடும். அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

கொழுக்கிப்புழு: நாயிடமிருந்து மனிதருக்குப் பரவும் ஒருவகைக்கு இலங்கையின் பெயரே இடப்பட்டுள்ளது. 1911ஆம் ஆண்டில் லூஸ் என்னும் அறிஞர், இந்நாட்டுப் புனுகுப்பூனையில் கிடைத்த அப்புழுவை விவரித்தார். ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் முட்டை பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கும் நிலையை அடைகிறது. பின்னர் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது.

வட்டப்புழு: இதன் முட்டைகள் தொற்றும் நிலையடைய இரண்டு வாரமேனும் செல்லும், அதன்பின் மண்ணில் ஆண்டுக்கணக்கிலும் உயிருடன் இருக்கும். மண்ணில் விளையாடும் குழந்தையின் கைவழியாகவும், சரிவரக் கழுவாத வல்லாரையில் செய்த சம்பல் வழியாகவும் வயிற்றுக்குட் செல்லும். இளம்புழு கண்ணை அடைந்தால் பார்வையும் கெடலாம்.

ஆகவே, மலத்தை அன்றன்றே அகற்றினால், புழு தீங்கு செய்யும் பருவத்தை அடையுமுன் அதனை வென்றவராவோம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இது மிக அவசியம். மழைநீர் முட்டைகளைப் பாத்திகளுக்கு அடித்துச் செல்லும்.

செய்ய வேண்டியவை:

1. காலைதோறும் மலத்தை மண்வெட்டியால் மண்ணுடன் சேர்த்து அள்ளுக. தண்ணீர் ஊற்றிக் கழுவுதல் கூடாது. அது முட்டைகளைப் பரப்பும்.

2. பீலி, கிணறு, காய்கறிப் பாத்தி ஆகியவற்றுக்கு எட்ட ஒன்றரை அடிக் குழி தோண்டிப் புதைத்து மண்ணிட்டு மூடுக. எருக்குழியில் போடவேண்டாம், வீட்டு எருக்குழியின் சூடு இம்முட்டைகளைக் கொல்லப் போதாது.

3. பாத்திகளுக்கு வேலியிடுக. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. முற்றத்தில் செருப்பணிந்து நடக்கக் குழந்தைகளைப் பழக்குக.

4. மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி நாய்க்குப் புழுமருந்து கொடுக்க. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே இது தேவை.

1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. மருந்துண்டவர்களும் அசுத்தமான மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர். மண் தூய்மையாகாமல் மருந்து மட்டும் பயன்தராது என்பதே அன்று பெற்ற பாடம். மலகூடம் அமைத்து மனித மலத்தை மண்ணிலிருந்து விலக்கிய நாம், நாயின் மலத்தையும் விலக்குதல் வேண்டும். அதற்கு நாள்தோறும் சில நிமிட உழைப்பே போதும்.