தேதி குறிப்பதற்கு முன்னால் பெட்டிக்காரரைக் கேளுங்கள்

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. கிரிவலம் வந்தவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. வருண லிங்கம் தாண்டியதும் ஆதி அண்ணாமலையார் கோயில் வருமே, அந்த ஊர்தான். ஆட்டோ ஓட்டுபவர், கொத்தனார், பூ விற்பவர், பள்ளி ஆசிரியர் என்று பதினோரு பேர் சேர்ந்து தெருக்கூத்து ஆடுகிறோம். பரம்பரைக் கூத்துக்காரர்கள் இல்லை, ஆசையால் ஆடுகிறவர்கள். யாரும் காசு வாங்குவதில்லை. கர்ண மோட்சத்தில் எனக்குக் கர்ணன் வேஷம். நாலு மாதம் எல்லோரும் பாடுபட்ட கூத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஒரே முடிவில் கெடுத்தேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு இருக்கும், நீங்களும் அதில் ஆடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வாத்தியாரிடம் பாடம் கேட்பது, ஒத்திகை, வசூல், மைக் செட், பந்தல் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் தவறியது தேதியில்.

ஆடிப் பௌர்ணமி என்று குறித்தேன். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். நூற்றுக்கு ஒருவர் நின்று பார்த்தாலும் களரி நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அன்றைக்கு வண்டிகளைத் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வேஷம் கட்டும் பதினோரு பேரும் ஊருக்குள்ளேயே இருக்கிறோம், மிருதங்கமும் ஆர்மோனியமும் ஊர்க்காரர்கள், யாருக்கு என்ன தடங்கல் என்று நினைத்தேன். கூத்து என்றால் ஆடுகிறவர்கள் மட்டும்தான் என்று என் மனசில் பதிந்திருந்திருக்கிறது.

பரம்பரைக் கலைஞர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். எங்களுக்கு அது இன்னும் கைவரவில்லை. ஒப்பனைக்காரர் பெட்டியோடு வந்தால்தான் எங்களுக்குக் கூத்து. அவரும் முகவீணைக்காரரும் செய்யாறு பக்கம், கண்ணப்பத் தம்பிரானின் புரிசை இருக்கிற சீமையிலிருந்து வர வேண்டும். அவர்கள் இருவரையும் நான் கேட்கவில்லை. தேதியைச் சொன்னேன், சரி என்றார்கள், அவ்வளவுதான்.

அன்று இரவு எட்டு மணிக்கு ஒப்பனைக்காரர் போன் செய்தார். “தம்பி, அவலூர்பேட்டை ரோட்டுலயே எறக்கி வுட்டுட்டாங்க. உள்ள ஒரு வண்டியும் வுடல.”

அவர்கள் மலைக்குக் கிழக்கே, நாங்கள் மேற்கே. நடுவில் 2668 அடி அண்ணாமலை. காஞ்சி ரோடு வழியாக வந்தால் தூரம் குறைவு. ஆனால் அது கிரிவலத்துக்கு எதிர்த்திசை. அந்த ஜனவெள்ளத்தில் தலையில் தகரப்பெட்டியோடு யாரும் எதிரே நடக்க முடியாது. அதனால் கூட்டத்தோடு கூட்டமாக அக்கினி லிங்கம், ரமணாஸ்ரமம், எம லிங்கம் என்று சுற்றி வந்தார்கள். திரை பிடிக்கிற இரண்டு பையன்களையும் எதிர்கொண்டு அழைத்து வர அனுப்பினேன்.

பத்து மணிக்கு மேளக்கட்டு ஆரம்பித்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கிரிவலம் வந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள், கால் நிற்கவில்லை. அவர்கள் வேண்டுதலோடு நடக்கிறவர்கள், கூத்துப் பார்க்க வந்தவர்கள் அல்ல. பாய் போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் ஊர் ஜனம் பன்னிரண்டு மணிக்கு மேல் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

ஒன்றே முக்காலுக்குப் பெட்டி வந்தது. மலை சுற்றும் பாதையில் செருப்போடு நடக்க ஒப்பனைக்காரருக்கு மனசு வரவில்லை. இரண்டு குதிகாலும் கொப்புளம். பெட்டியைத் திறந்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடத்தில் ஒரு பக்கக் கண்ணாடிச் சில்லுகள் உதிர்ந்து கிடந்தன. பக்கத்து வீட்டில் ஒரு கை சோறு வாங்கி, பிசைந்து, ஒவ்வொரு சில்லாக எடுத்து ஒட்டினார். பிறகு, “யாருக்கு மொதல்ல?” என்று கேட்டுவிட்டு அரிதாரத்தைக் குழைத்தார்.

எல்லோருக்கும் வேஷம் கட்டி முடிக்கையில் மூன்றரை. விடிவதற்குள் கர்ணன் சாக வேண்டும். பொன்னுருவி பகுதியை எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். போருக்குப் புறப்படும் கர்ணனோடு மனைவி தர்க்கம் செய்கிற இடம் அது. கர்ண மோட்சத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதற்காக நாலு மாதம் பாடம் பண்ணியவர் பூ விற்கிற தம்பி. முகமெழுதி, சவுரி வைத்து, புடவை கட்டி உட்கார்ந்திருந்தார். “சரிண்ணே” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பெட்டி சுமந்து வந்த பையன்களில் ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே முடியவில்லை. திரையின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை. பொன்னுருவி வேஷத்தோடு அந்தத் தம்பி எழுந்து வந்து பிடித்தார். அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுதான் என் வருகைப்பாட்டைப் பாடினேன். மனைவியிடம் விடைபெறாமல் என் கர்ணன் போருக்குப் போனது அந்த ஒரு ராத்திரிதான். விடிந்தபோது அவர் கிணற்றடியில் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா பூக்கூடையோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

கிளம்பும்போது ஒப்பனைக்காரர் சொன்னார்: “தேதி வெக்கசொல்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா, முந்தின நாளே வந்து படுத்திருப்பமே தம்பி.”

அதிலிருந்து நான் கற்றவை இவை.

1. தேதியை முதலில் கேட்க வேண்டியது அதிகத் தூரத்திலிருந்து வருகிறவரை. அடுத்து, பெட்டி சுமப்பவரை. ராஜா வேஷக்காரரைக் கடைசியில் கேட்டால் போதும்.

2. பெட்டி முந்தின நாளே ஊருக்குள் வந்துவிட வேண்டும். கூடவே வருகிறவர்களுக்குப் படுக்கவும் சாப்பிடவும் ஒரு வீடு ஏற்பாடு செய்யுங்கள்.

3. கூத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்கியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று இன்றைக்கும் சிலர் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். தவறு தேதியில், கூத்தின் நீளத்தில் இல்லை. முகவீணையை செல்போனில் பதிவு செய்து போடலாமே என்றவர்களுக்கும் இதே பதில்தான். அடவு முடிகிற இடம் பார்த்து ஊதுவதற்குக் கண் வேண்டும்.

4. நாங்கள் காசு வாங்குவதில்லை, சரி. ஒப்பனைக்காரரும் முகவீணைக்காரரும் அப்படியே வரட்டுமே என்று குழுவிலேயே பேச்சு எழுந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, படித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் சம்பளமில்லாமல் மேடை ஏறினார்கள். வேறு வருமானம் இருப்பவர்களுக்கு அது பெருமை. இதையே தொழிலாக நம்பி வாழ்கிறவரிடம் அந்தப் பெருமையைக் கேட்பது அநியாயம். அன்றைக்கும் முழுக்கூலி கொடுத்தோம், வண்டிச் சத்தமும் சேர்த்து.

5. நோட்டீஸில் எல்லாப் பெயரும் வர வேண்டும். ஜெனரேட்டர் தருவதாகச் சொன்ன பிரமுகர் பெயரை முதல் வரியில் போட்டோம். ஜெனரேட்டர் கடைசிவரை வரவில்லை. பெட்டி சுமந்த பையன்களின் பெயர் நோட்டீஸில் எங்கேயும் இல்லை. ரமணாஸ்ரமம் பக்கம் தங்கியிருந்த அயர்லாந்துக்காரர் ஒருவர் அன்று கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். அவர் நாட்டிலும் கடைக்காரரும் விவசாயியும் வேலை முடித்து வந்து நாடகம் போடுகிறார்களாம். அந்தக் குழுக்களுக்காக அத்லோன் என்ற ஊரில் 1953 முதல் அகில அயர்லாந்து நாடக விழா நடக்கிறது. விளக்குப் போடுகிறவர், வசனம் எடுத்துக் கொடுக்கிறவர், டீ போடுகிறவர் பெயர்கூட அச்சில் வரும் என்றார். இப்போது எங்கள் நோட்டீஸில் திரை பிடிப்பவர்களில் தொடங்கித்தான் நடிகர்களுக்கு வருகிறோம்.

அடுத்த வருஷம் ஒப்பனைக்காரர் சொன்ன தேதியில், பௌர்ணமி கழிந்த பத்தாம் நாள் ஆடினோம். ஊர் ஜனம் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. பொன்னுருவி வருகைக்கு ஒரு முனையைப் பிடித்தது நான், கர்ணன் வேஷத்தோடு. திரை ஒன்றும் கனமில்லை. ஆனால் பாட்டு முடியும்வரை கையைத் தாழ்த்தக் கூடாது, தோள் இற்றுப்போகும். வேஷம் கட்டுகிற ஒவ்வொருவரும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். தேதியை அதற்கப்புறம் குறியுங்கள்.