அழுக்குற்ற கையும் அருளும்

கி.பி. 303-இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓர் ஆணை பிறப்பித்தார்: கிறிஸ்தவர்கள் தங்கள் மறைநூல்களை எரிப்பதற்காக ஒப்படைக்க வேண்டும். வட ஆப்பிரிக்காவில் பலர் மறுத்துச் சிறை சென்றனர், உயிரையும் நீத்தனர். குருமார்கள் சிலரோ அஞ்சி, நூல்களைக் கொடுத்துவிட்டனர். கொடுமை ஓய்ந்தபின் ஒரு வினா எழுந்தது. அவ்வாறு கொடுத்தவரின் கையால் பெற்ற திருமுழுக்கு செல்லுமா?

செல்லாது என்றனர் டோனாட்டஸ் என்ற ஆயரைப் பின்பற்றியோர். தம்மிடம் இல்லாத தூய்மையை ஒருவர் பிறருக்கு எங்ஙனம் வழங்க இயலும்? ஆகவே, மறுதரப்பிலிருந்து வந்தோருக்கு அவர்கள் மீண்டும் திருமுழுக்கு அளித்தனர். இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. குரு மறை உணர்ந்தவராக மட்டுமன்றிப் பாவமற்றவராகவும் இருக்க வேண்டும் என்கிறது விவேகசூடாமணி. ‘பக்தியோகம்’ நூலில் சுவாமி விவேகானந்தரும் இதனையே வலியுறுத்துகிறார்.

ஹிப்போ நகர ஆயரான புனித அகஸ்டின் வேறு விடை தந்தார். திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே. மனிதரின் கை கருவி மட்டுமே. கல்லால் ஆன கால்வாய் வழியே நீர் பாத்திக்குப் பாய்கிறது. பாத்தி செழிக்கிறது, கல்லில் எதுவும் முளைப்பதில்லை. அவர் காட்டிய இந்த உவமையின் பிற்பாதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். பாவநிலையில் நிற்கும் குருவுக்கு அச்சடங்கால் பயனில்லை. தகுதியின்றி அதனை நிறைவேற்றுவது அவருக்கு மேலும் ஒரு பாவமாகிறது.

இவ்விடையின் வேர் பாவத்தைப் பற்றிய அவரது கருத்தில் உள்ளது. மனிதர் அனைவரும் ஜென்மப் பாவத்துடன் பிறக்கின்றனர். பலவீனமுற்ற மனித சித்தம் இறையருளின்றித் தானே எழ இயலாது என்பது அகஸ்டினின் கொள்கை. இதனை மறுத்த பெலாஜியஸின் கருத்துகளை 418-இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. எல்லோர் நிலையும் இதுவாயின் குருவின் நிலையும் இதுவே. எவர் கையும் முற்றும் தூய்மையானதன்று எனும்போது, அக்கையின் தூய்மையைச் சார்ந்த அருள் எவருக்கும் உறுதியாகாது.

411-இல் இரு தரப்பு ஆயர்களும் கார்த்தேஜில் கூடி வாதிட்டனர். பேரரசின் பிரதிநிதி டோனாட்டியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்; மறு ஆண்டு அபராதச் சட்டம் வந்தது. அரசின் கட்டாயத்தை அகஸ்டின் ஆதரித்தார். அருளைப் பற்றி அவ்வளவு ஆழ்ந்து சிந்தித்தவர் அபராதத்தின் துணையை நாடியது வருந்தத்தக்கதே.

அருள்சாதனங்கள் ஏழு என்றும், சடங்கு நிறைவேறுவதாலேயே அவை அருளை வழங்குகின்றன என்றும் 1547-இல் திரெந்துச் சங்கம் வரையறுத்தது. ஆயினும் இது மந்திரவித்தை அன்று. பெறுபவர் தடை வைத்தால் அருள் பலன் தராது. மனம் வருந்தாமல் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கு மன்னிப்பு மொழியால் பயனில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் தம் பாதிரியாரையும் ‘குரு’ என்றே வழங்குவதால் இங்கு ஒரு குழப்பம் நேர்வதுண்டு. வேதாந்த குரு தாம் உணர்ந்ததை வழங்குபவர். அவரது வாழ்வும் உபதேசத்தின் பகுதி. திருமுழுக்கு அளிக்கும் குரு வழங்குவதோ தமக்குரியதன்று. ஆன்ம வழிகாட்டியைத் தேடும்போது கத்தோலிக்கரும் தகுதியை ஆராயவே செய்கின்றனர். அவிலாவின் புனித தெரேசா, வழிகாட்டி கல்வியறிவும் உடையவராக இருக்க வேண்டும் என்று விரும்பினார்.